பரணில் கிடந்த கம்ப்யூட்டரும் நாலு வரி சவுண்ட் டிரைவரும்

(ஒலி வடிவில் வெளியான எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்பச் சொன்ன இடங்கள் மட்டும் சுருக்கப்பட்டுள்ளன.)

 

போன எபிசோட்ல கிளவுட் பில் எப்படிக் குறைக்கிறதுன்னு பேசினோம். இன்னைக்கு அதுக்கு நேர் எதிர்த் திசைல போகப்போறோம். விண்டோஸ் 98 ஓடுற ஒரு மெஷின். மொத்த மெமரி 32 எம்பி. உங்க போன்ல ஒரு போட்டோ எடுத்தா வர்ற சைஸ்ல இருபது போட்டோ வெச்சா தாண்டிடும், அவ்வளவுதான். அந்த மெஷின்ல ஸ்டார்ட்அப் ஃபைல்ல இருந்து நாலு வரியை எடுத்தேன். அந்த நாலு வரியால எங்க குடும்பத்துல இருபது வருஷத்துக்கு மேல ஒருத்தரைத் தப்பா நினைச்சுக்கிட்டு இருந்திருக்கோம். அதனாலதான் இதை ஒரு முழு எபிசோடா பேசலாம்னு நினைச்சேன்.

கதை நடந்த இடம் எங்க ஊரு, அவலூர்பேட்டை. செஞ்சிக் கோட்டை தெரியும்ல, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலை. 2025 ஜூலைல யுனெஸ்கோ பட்டியல்ல அந்தக் கோட்டை வந்தப்ப எல்லாரும் ஸ்டேட்டஸ் போட்டாங்க. அந்தப் பக்கம்தான் நாங்க. மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு அமாவாசை அன்னைக்கு பஸ் பஸ்ஸா ஜனம் போகும் பாருங்க, அந்த வட்டாரம். திருவண்ணாமலைல இருக்கிறவங்களுக்கு "அவலூர்பேட்டை ரோடு"ன்னா உடனே தெரியும். அந்த ரோட்டைப் பிடிச்சு வந்தா எங்க ஊரு.

எங்க பெரியப்பாவுக்கு மண்டி. நெல்லும் மல்லாட்டையும். வெளியூர்க்காரங்களுக்கு: மல்லாட்டைன்னா நிலக்கடலை. எங்க பக்கம் யாரும் நிலக்கடலைன்னு சொல்ல மாட்டாங்க.

பரண்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பெரியப்பா வீட்டுல ஓட்டைப் பிரிச்சுட்டு தளம் போடப் போறாங்க. பரண்ல இருந்த எல்லாத்தையும் கீழ இறக்கிக்கிட்டு இருந்தாங்க. பித்தளை அண்டா, உடைஞ்ச தராசுத் தட்டு, கூடவே மல்லாட்டைச் சாக்குல கட்டி வெச்சிருந்த ஒரு சிபியு. மானிட்டர் தனிச் சாக்கு. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒண்ணும் இருந்துச்சு, அதுக்குள்ள பல்லி முட்டை.

"இன்னா பெரியப்பா, இதெல்லாம் இன்னும் வெச்சிருக்கீங்களா?"

"எடைக்குப் போட்டுடலாம்டா. 1999ல வாங்கினது. ரெண்டு வருஷம்கூட உருப்படியா ஓடல. அந்தத் திருவண்ணாமலைப் பையன் ஏமாத்திட்டுப் போயிட்டான்."

அந்தத் திருவண்ணாமலைப் பையன் கதை எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நான் இன்ஜினியரிங் சேர்றப்பகூட பெரியப்பா அதைத்தான் சொன்னாரு. "கம்ப்யூட்டர் படிக்கிறியா, படி. ஆனா எவன் காசையும் வாங்கிட்டு ஓடாத ப்ரோக்ராம் எழுதித் தராத."

நடந்தது இதுதான். 1999ல மண்டிக் கணக்கை கம்ப்யூட்டர்ல ஏத்தணும்னு பெரியப்பா முடிவு பண்ணியிருக்காரு. அப்ப எங்க ஊர்ல அது பெரிய விஷயம். திருவண்ணாமலைல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல பாடம் எடுத்துக்கிட்டு இருந்த ஒரு இளைஞர் வந்து ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்திருக்காரு. விவசாயி பேரு, எத்தனை மூட்டை, எடை, விலை, கமிஷன், கூலி, முன்பணம், பாக்கி. பேசின தொகை 9,000 ரூபா. 5,500 கொடுத்தாச்சு. மீதி 3,500 ஒரு வருஷம் ஓடினதைப் பாத்துட்டுத் தர்றேன்னு பேச்சு. ஒரு வருஷம் முடிஞ்சும் இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போயிருக்கு. அப்புறம் 2001ல ஒரு நாள் காலைல ப்ரோக்ராம் திறக்கல. அன்னைல இருந்து திறக்கவே இல்ல.

அந்த இளைஞரைக் கூப்பிட்டு அனுப்பியிருக்காங்க. அவர் வந்து, "என் மெஷின்ல ஓடுதுங்க. இதுல ஏதோ மாறியிருக்கு. ஒரு நாள் பெட்டியை எடுத்துட்டுப் போய்ப் பாத்துட்டுத் தர்றேன்"னு கேட்டிருக்காரு. பெரியப்பா விடல. "மண்டிக் கணக்கு வீட்டு வாசலைத் தாண்டாது. இங்கேயே பண்ணு"ன்னிருக்காரு. சீசன் நேரம், வாசல்ல வண்டி நிக்குது, மூட்டை இறங்குது, ஆளுங்க நிக்கறாங்க. நாலு பேர் முன்னாடி வார்த்தை தடிச்சிடுச்சு. அவர் எழுந்து போயிட்டாரு. மண்டி மறுபடியும் பேரேடு நோட்டுக்குத் திரும்பிடுச்சு. 3,500 கொடுக்கவே இல்ல.

நான் அந்தச் சாக்கை எடைக்குப் போட விடல. எனக்கு அப்ப அந்த மனுஷர் மேல அக்கறை எல்லாம் இல்ல, உண்மையைச் சொல்லிடுறேன். பழைய மெஷினைப் பாத்தா கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

முதல்ல ஆன் பண்ணாதீங்க

இந்த மாதிரி ஒரு பெட்டி உங்க வீட்டுலயும் இருந்தா, தயவுசெஞ்சு நேரா பிளக்ல சொருகி ஸ்விட்ச் போடாதீங்க. நான் பண்ணின வரிசையைச் சொல்றேன்.

ஒண்ணு, மூடியைத் திறந்து தூசி. எங்க பெட்டில தூசியோட மல்லாட்டைத் தோலும் இருந்துச்சு. பவர் சப்ளையோட ஃபேன் கையால சுத்தினா சுத்துதான்னு பாக்கணும். மதர்போர்டுல கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கா, ஏதாவது ஒழுகியிருக்கான்னு பாக்கணும்.

ரெண்டு, ஹார்டு டிஸ்க்கைக் கழட்டித் தனியா எடுங்க. ஐடிஇ டிஸ்க்கை யுஎஸ்பியில மாட்டுற அடாப்டர் கிடைக்குது. லினக்ஸ் லேப்டாப்ல மாட்டி, டிடிரெஸ்க்யூ போட்டு முழு டிஸ்க்கையும் ஒரே ஃபைலா நகல் எடுத்தேன். 4.3 ஜிபி டிஸ்க். ரெண்டு மூணு இடத்துல திக்கித் திக்கிப் படிச்சுது, ஆனா முழுசா வந்துடுச்சு. நகல் கைல வந்த பிறகுதான் மத்த வேலை எல்லாம். ஏன்னா இந்த வயசுல ஒரு டிஸ்க் எத்தனை தடவை சுத்தும்னு யாராலயும் உறுதி சொல்ல முடியாது.

மூணு, மதர்போர்டுல ஒரு காசு சைஸ் பேட்டரி இருக்கும், சிஆர் 2032. அது செத்திருந்தா தேதி, ஹார்டு டிஸ்க் செட்டிங் எல்லாம் மறந்துபோயிருக்கும். புதுசு மாத்தி, பயாஸ்குள்ள போய் தேதியைச் சரி பண்ணி, டிஸ்க்கை ஆட்டோ டிடெக்ட் பண்ண வெச்சேன்.

ஸ்விட்ச் போட்டேன். மேகம் போட்ட அந்த விண்டோஸ் 98 படம் வந்துச்சு. பெரியப்பா பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. டெஸ்க்டாப்ல "மண்டி"ன்னு ஆங்கில எழுத்துல ஒரு ஐகான். கிளிக் பண்ணேன். கறுப்புத் திரை வந்துச்சு. மெமரி போதலைன்னு ஆங்கிலத்துல ஒரே ஒரு வரி. மூடிடுச்சு.

"பாத்தியா? அன்னைக்கும் இதேதான்"னு சொல்லிட்டு அவர் சாப்பிடப் போயிட்டாரு.

என்னோட முதல் தப்பு

இங்க நான் ஒண்ணு ஒத்துக்கணும். அந்த வரியைப் பாத்ததும் எனக்கு வந்த முதல் எண்ணம், "கோடு சரியில்ல". ஒரு சாயங்காலம் முழுக்க அதுலயே போச்சு. அது கிளிப்பர்ல எழுதின ப்ரோக்ராம். இளைய நேயர்களுக்காகச் சொல்றேன்: டிபேஸ்னு ஒரு டேட்டாபேஸ் மொழி இருந்துச்சு. அதுல எழுதினதை கம்பைல் பண்ணித் தனி இஎக்ஸ்இ ஃபைலா மாத்தித் தர்ற கருவி கிளிப்பர். 1985ல நான்டக்கெட்னு ஒரு அமெரிக்கக் கம்பெனி வெளியிட்டது. நம்ம ஊர்ல தொண்ணூறுகள்ல கடைக் கணக்கு, சம்பளப் பட்டியல், ஸ்டாக்னு நிறைய இதுலயும் ஃபாக்ஸ்புரோவிலயும்தான் ஓடுச்சு.

இன்டெக்ஸ் ஃபைல் கெட்டுப்போச்சோன்னு பாத்தேன். டேட்டா ரொம்பப் பெருசாகிடுச்சோன்னு பாத்தேன். எதுவும் இல்ல. டேட்டா எல்லாம் சேத்தாலும் ரெண்டு எம்பி வராது. நகல் எடுத்த டிஸ்க்ல இருந்து டிபிஎஃப் ஃபைலை லிப்ரே ஆபீஸ்ல திறந்தேன், அழகா திறந்துச்சு. கணக்கு எல்லாம் பத்திரமா இருக்கு. அப்ப ப்ரோக்ராம் ஏன் ஓடல?

மத்தவங்க எழுதின கோடுன்னா முதல்ல அவங்க மேலதான் சந்தேகம் வருது. பெரியப்பாவுக்கு கம்ப்யூட்டர் தெரியாது, அவர் அப்படி நினைச்சாரு. எனக்குத் தெரியும், ஆனா நானும் அதேதான் நினைச்சேன்.

640 மூட்டைத் திண்ணை

மெமரி போதலைங்குதே, 32 எம்பி இருக்கே, எப்படிப் போதாம போகும்? இதைப் பெரியப்பாவுக்குச் சொன்ன மாதிரியே உங்களுக்கும் சொல்றேன்.

மண்டிக்குப் பின்னாடி பெரிய குடோன் இருக்குன்னு வெச்சுக்கோங்க. முன்னாடி ஒரு திண்ணை. திண்ணைல 640 மூட்டை அடுக்கலாம். பழைய ஆள் ஒருத்தர் இருக்காரு, அவருக்குத் திண்ணை மட்டும்தான் தெரியும். குடோன் எவ்வளவு பெருசா கட்டினாலும் அவர் வேலை எல்லாம் திண்ணைலதான். அந்தப் பழைய ஆள்தான் டாஸ் ப்ரோக்ராம்.

1981ல ஐபிஎம் பிசி வந்தப்ப அதுல இருந்த 8088 ப்ராசசருக்கு முகவரி போட 20 பிட்தான். அதாவது 10,48,576 பைட், ஒரு எம்பி. அதுல மேல இருக்கிற 384 கேபி திரைக்கும் பயாஸுக்கும். மிச்சம் 640 கேபிதான் ப்ரோக்ராமுக்கு. இதுக்குப் பேரு கன்வென்ஷனல் மெமரி. பிற்பாடு மெஷின்ல எத்தனை எம்பி போட்டாலும், பழைய முறைல எழுதின டாஸ் ப்ரோக்ராம் அந்த 640க்குள்ளதான் உட்காரணும். விண்டோஸ் 98 உள்ள திறந்தாலும் கதை அதேதான்.

அந்தத் திண்ணைல ப்ரோக்ராம் மட்டும் இருந்தா பரவாயில்ல. டாஸே கொஞ்சம் எடுத்துக்கும். அதுக்கப்புறம் மெஷின் எழுந்திருக்கிறப்பவே சில பேரை வரிசையா கூட்டிட்டு வந்து திண்ணைல உட்கார வெச்சிடும். அவங்கதான் டிரைவர்ங்க. மவுஸ் டிரைவர், சிடி டிரைவர், சவுண்ட் டிரைவர். இவங்க ஒரு தடவை உட்கார்ந்தா மெஷினை அணைக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாங்க.

யாரைக் கூட்டிட்டு வரணும்னு ரெண்டு ஃபைல்ல எழுதியிருக்கும். சி டிரைவ்ல முதல் இடத்துலயே இருக்கும். ஒண்ணு கான்ஃபிக் டாட் சிஸ். இன்னொண்ணு ஆட்டோஎக்ஸெக் டாட் பேட். ரெண்டுமே சாதாரண டெக்ஸ்ட் ஃபைல். நோட்பேட்ல திறந்து படிக்கலாம். முதலாவதுல "டிவைஸ்"னு ஆரம்பிக்கிற ஒவ்வொரு வரியும் ஒரு டிரைவரைக் கூட்டிட்டு வர்ற வரி.

திண்ணைல யார் யார் எவ்வளவு இடம் பிடிச்சிருக்காங்கன்னு பாக்க ஒரு கமாண்டு இருக்கு. மெம், ஒரு இடம் விட்டு ஸ்லாஷ் சி. போட்டேன். கடைசில, ஒரே ப்ரோக்ராமுக்குக் கிடைக்கிற அதிகபட்ச இடம் 511 கேபின்னு வந்துச்சு. சுத்தமான விண்டோஸ் 98ல கிட்டத்தட்ட 600 இருக்கணும். யாரோ 90 மூட்டைக்குக் கிட்ட இடம் பிடிச்சு உட்கார்ந்திருக்காங்க.

பட்டியலைப் பாத்தேன். சவுண்ட் டிரைவர் ஒண்ணு, 32 கேபி. அதுக்குத் துணையா மல்டிமீடியா டிரைவர்னு இன்னொண்ணு, 13 கேபி. சிடி டிரைவர் 12. சிடியை டிரைவ் எழுத்தா காட்டுற எம்எஸ்சிடிஎக்ஸ் 29. கூட்டிப் பாருங்க, 86.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம்

அடுத்து பாத்ததுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டைரக்டரி லிஸ்ட்ல ஒவ்வொரு ஃபைல் பக்கத்துலயும் கடைசியா மாத்தின தேதி இருக்கும்ல. மண்டி டேட்டா ஃபைல்ல கடைசி தேதி 2001 ஜூன் 16, சனிக்கிழமை. கான்ஃபிக் ஃபைல்ல 2001 ஜூன் 17, ஞாயிற்றுக்கிழமை, மதியம் 3:40. ஆட்டோஎக்ஸெக்கும் அதே நிமிஷம்.

அதாவது சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் ப்ரோக்ராம் ஒழுங்கா ஓடியிருக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரோ ஸ்டார்ட்அப் ஃபைலை மாத்தியிருக்காங்க. திங்கட்கிழமை காலைல திறக்கல.

பக்கத்துலயே பழைய கான்ஃபிக் ஃபைலோட நகல் ஒண்ணு வேற எக்ஸ்டென்ஷன்ல இருந்துச்சு. சில இன்ஸ்டாலர்ங்க இப்படி ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டுத்தான் மாத்தும், அது ஒரு நல்ல பழக்கம். எஃப்சி கமாண்டு போட்டு ரெண்டையும் ஒப்பிட்டேன். புதுசா மூணு வரி: சவுண்ட் ரெண்டு, சிடி ஒண்ணு. ஆட்டோஎக்ஸெக்ல எம்எஸ்சிடிஎக்ஸ் ஒரு வரி. ஆக நாலு.

பெரியப்பா பையனுக்கு, அதாவது எங்க அண்ணனுக்கு, போன் போட்டேன். அவர் இப்ப ஓசூர்ல வேலை பாக்கறாரு.

"அண்ணா, 2001ல வீட்டுக் கம்ப்யூட்டர்ல சவுண்ட் கார்டு போட்டியா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

"டேய்... பாலிடெக்னிக் படிக்கிறப்ப. ரிச்சி தெருவுல ஒரு மல்டிமீடியா கிட்டு வாங்கியாந்தேன். பாட்டு கேக்கறதுக்கு. அப்பா செஞ்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாரு, அந்த நேரம் மாட்டினேன். ஏன் கேக்கற?"

"திங்கக்கிழமை ப்ரோக்ராம் ஓடலைன்னு சொன்னப்ப நீ எதுவும் சொல்லலையா?"

"பாட்டுக்கும் கணக்குக்கும் என்னாடா சம்பந்தம்? அப்படித்தான்டா நினைச்சேன். அப்பா இருந்த கோவத்துல நான் பெட்டியைத் தொட்டேன்னு சொன்னா என்னைத் தொலைச்சிருப்பாரு."

அண்ணனைக் குத்தம் சொல்ல எனக்கு வாய் வரல. இன்னைக்கும் வேலைல இதேதான் நடக்குது. "நான் வேற எதையோதான் மாத்தினேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல." இந்த வாக்கியத்தை ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல எத்தனை தடவை கேட்டிருக்கேன். எத்தனை தடவை நானே சொல்லியிருக்கேன்.

அழிக்காம எடுக்கிறது

இப்ப அந்த நாலு வரியை எடுக்கணும். எடுக்கிறதுன்னா அழிக்கிறது இல்ல.

முதல்ல எதையும் மாத்தாம ஒரு சோதனை. மெஷின் எழுந்திருக்கிறப்ப எஃப்8 தட்டினா, இல்ல கன்ட்ரோல் கீயை அழுத்திப் பிடிச்சா, ஸ்டார்ட்அப் மெனு வரும். அதுல ஸ்டெப் பை ஸ்டெப் கன்ஃபர்மேஷன்னு ஒண்ணு. அதை எடுத்தா ஒவ்வொரு வரியையும் காட்டி "ஏத்தட்டுமா?"ன்னு கேக்கும். மத்த எல்லாத்துக்கும் ஒய் தட்டினேன், இந்த நாலுக்கு மட்டும் என். சந்தேகம் சரியான்னு தெரிஞ்சுக்க இதைவிடப் பத்திரமான வழி கிடையாது. தப்பாப் போனா அடுத்த ரீஸ்டார்ட்ல பழையபடி இருக்கும்.

சந்தேகம் சரின்னு தெரிஞ்சதும் ரெண்டு ஃபைலையும் வேற பேர்ல காப்பி எடுத்தேன். எடிட்ல திறந்து அந்த நாலு வரிக்கு முன்னாடி ரெம், ஒரு ஸ்பேஸ். ரெம்னா ரிமார்க். அந்த வரியை மெஷின் கண்டுக்காது, ஆனா வரி அங்கேயே இருக்கும். நாளைக்கு யாராவது திறந்து பாத்தா என்ன இருந்துச்சு, எதை நிறுத்தியிருக்கோம்னு தெரியும். கமாண்டு லைன் பிடிக்காதவங்களுக்கு விண்டோஸ் 98லயே எம்எஸ்கான்ஃபிக் இருக்கு. அதுல டிக்கை எடுத்தாப் போதும்.

நாலையும் ஒரே தடவைல எடுக்காதீங்க. ஒண்ணு எடுத்து, ரீஸ்டார்ட் பண்ணி, மெம் பாத்து, அப்புறம் அடுத்தது. நேரம் ஆகும். ஆனா எதனால சரியாச்சுன்னு தெரியும்.

கை வைக்கக் கூடாத வரியும் இருக்கு. கான்ஃபிக்ல ஃபைல்ஸ்னு ஒரு வரி, பக்கத்துல ஒரு எண். ஆட்டோஎக்ஸெக்ல செட் கிளிப்பர்னு ஒரு வரி. ரெண்டும் அந்தத் திருவண்ணாமலைக்காரர் போட்டது. ஒரே நேரத்துல எத்தனை ஃபைல் திறக்கலாம்னு கிளிப்பருக்குச் சொல்றது. அதை எடுத்தா ப்ரோக்ராம் வேற மாதிரி படுத்துடும். அதே மாதிரி செட் பிளாஸ்டர்னு ஒரு வரி இருந்தா பயப்படாதீங்க. அது டிரைவர் இல்ல. கார்டு எந்தப் போர்ட்ல, எந்த ஐஆர்கியூல இருக்குன்னு டாஸ் கேம்களுக்குச் சொல்ற ஒரு குறிப்பு. சில பைட்தான் பிடிக்கும். அந்தப் பேரு 1989ல சிங்கப்பூர் கம்பெனி கிரியேட்டிவ் கொண்டு வந்த சவுண்ட் பிளாஸ்டர்ல இருந்து வந்தது. அந்தக் கார்டு அவ்வளவு பரவினதால, மத்த கம்பெனிங்க கார்டும் அதே மாதிரி நடிச்சுதான் விக்க வேண்டியிருந்துச்சு.

நாலையும் எடுக்கிறதுக்கு முன்னாடியே ப்ரோக்ராம் திறந்துடுச்சு. நாலாவதையும் எடுத்ததும் மெம் காட்டினது 597. அந்த 86 கேபி அப்படியே திரும்பி வந்துச்சு.

இன்னொரு சோதனையும் பண்ணேன். அண்ணன் ஏத்தி வெச்சிருந்த எம்பி3 பாட்டு ஃபோல்டர் டிஸ்க்ல இருந்துச்சு. ஒண்ணைத் தட்டினேன். பழைய ஸ்பீக்கர்ல கரகரன்னு பாட்டு வந்துச்சு. ரெம் போட்ட பிறகும் வந்துச்சு. ஏன்னா விண்டோஸ் 98க்குச் சவுண்டுக்கும் சிடிக்கும் தனியா சொந்த டிரைவர் உண்டு. அந்த நாலு வரியும் சுத்த டாஸ் முறைல ஓட்டுறவங்களுக்குத்தான் வேணும். சவுண்டோட ரெண்டு வரி, கார்டோட வந்த டாஸ் யுடிலிட்டிங்களுக்காக மட்டும். பல டாஸ் கேம்களுக்குக்கூட அது தேவையில்ல. இன்ஸ்டாலர் எதுக்கும் இருக்கட்டும்னு போட்டுட்டுப் போயிருக்கு. அண்ணன் பாட்டும் கேட்டிருக்கலாம், பெரியப்பா கணக்கும் ஓடியிருக்கும்.

கணக்குல இருந்த பேரு

ப்ரோக்ராம் திறந்ததும் பெரியப்பாவைக் கூப்பிட்டேன். நீலத் திரை, மஞ்சள் எழுத்து. தமிழ் கிடையாது, எல்லாப் பேரும் ஆங்கில எழுத்துல. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாரு. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டாரு. வளத்தி, சேத்துப்பட்டு, மேல்மலையனூர்னு ஊர் ஊரா பேருங்க. ஒவ்வொரு பேரா படிக்கச் சொன்னாரு. "இவரு போயிட்டாரு. இவரும் இல்ல. இவரு பையன் இப்ப சென்னைல." ஒரு பேருக்கு மட்டும் சிரிச்சாரு. "எடை போடறப்ப தராசையே பாத்துக்கிட்டு நிப்பாரு, மூச்சு விடமாட்டாரு."

அப்புறம் பாக்கிப் பட்டியல். நாம யாருக்குத் தரணுங்கிற பக்கம். கீழ போய்க்கிட்டே இருந்தேன். கடைசிக்கு முந்தின வரில "சாஃப்ட்வேர்"னு ஒரு கணக்கு. மொத்தம் 9,000. கொடுத்தது 5,500. பாக்கி 3,500.

அவர் எழுதின ப்ரோக்ராம்லயே அவர் பாக்கி இருக்கு. அதை ஏத்தினது பெரியப்பாவேதான். 2000ல ஒரு தேதி போட்டிருக்கு.

தேதி விஷயத்தையும் நாலு வரியையும் திண்ணை உதாரணத்தையும் அவருக்குச் சொன்னேன். அண்ணன் பேரைச் சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சேன். அவரே, "ரிச்சி தெருவா?"ன்னு கேட்டாரு. அவருக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு. பாட்டு கேட்டது தெரியும். ரெண்டையும் சேத்துப் பாக்கத்தான் தெரியல.

ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அந்தப் பையன் ஒரு நாள் கேட்டான்டா. ஒரே ஒரு நாள்"னாரு.

ரெண்டு நாள் கழிச்சு திருவண்ணாமலை போனோம். விசாரிச்சுக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்ல. இப்ப ஜெராக்ஸ் கடையும் ஆன்லைன் விண்ணப்பங்களும் பாத்துக்கிட்டு இருக்காரு. தலை நரைச்சிருக்கு. பெரியப்பாவைப் பாத்ததும் அடையாளம் தெரிஞ்சு எழுந்து நின்னாரு. பெரியப்பா நேரா, "தப்பு எங்க பக்கம் தம்பி"ன்னாரு. நான் பின்னாடி நின்னு தொழில்நுட்ப விளக்கம் ஆரம்பிச்சேன். ரெண்டு வாக்கியம்தான் சொன்னேன், அவரே முடிச்சாரு:

"மெம் போட்டா 520க்குக் கீழ இருந்திருக்குமே? என் ப்ரோக்ராமுக்கு 530 வேணும் சார். அன்னைக்கு அதைப் பாக்கத்தான் பெட்டியைக் கேட்டேன். உக்காந்து நிதானமா பாக்க விட்டிருந்தா அங்கேயே பாத்திருப்பேன். நாலு பேர் முன்னாடி கை நடுங்கிடுச்சு."

பெரியப்பா கொண்டு போன கவர்ல 3,500க்கு மேல இருந்துச்சு. அவர் எண்ணி, 3,500 எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துட்டாரு. ரசீது எழுதிக் கொடுத்தாரு, பழைய தேதி குறிப்பிட்டு. கிளம்புறப்ப என்னைத் தனியா கூப்பிட்டு ஒண்ணு கேட்டாரு. "தம்பி, என்கிட்ட அதோட சோர்ஸ் இல்ல. ஃபிளாப்பி எல்லாம் பூஞ்சை பிடிச்சுப் போச்சு. அது ஓடறதை ஒரு வீடியோ எடுத்து அனுப்புறீங்களா?"

அனுப்பினேன். கூடவே டிஸ்க் நகலையும் அவருக்கு ஒண்ணு கொடுத்தேன். அதுல அவர் சோர்ஸ் ஃபைல் ரெண்டு அழியாம இருந்துச்சு.

நமக்கு இதுல என்ன?

2001ல பண்ணின தப்பு, இப்ப யாருக்கு வேணும்னு கேப்பீங்க. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? ஏர்போர்ட்ல எல்லாம் நீலத் திரை. கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளோட ஒரு அப்டேட். மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின் பாதிக்கப்பட்டுச்சு. மெஷின் எழுந்திருக்கிறப்பவே ஏறுற ஒரு டிரைவர், அது படிச்ச ஒரு ஃபைல்ல பிரச்சனை. பல இடத்துல சரி பண்ணினது எப்படி? சேஃப் மோடுல எழுப்பி, போய் அந்த ஒரு ஃபைலை அழிச்சுட்டு ரீஸ்டார்ட். அண்ணன் சவுண்ட் கார்டுக்கும் அதுக்கும் அளவுதான் வித்தியாசம். எழுந்திருக்கிறப்ப யார் உள்ள வர்றாங்கன்னு நாம பாக்கறதில்ல.

அதனால மூணு விஷயம், சுருக்கமா.

ஒண்ணு. ஒரு ப்ரோக்ராம் நேத்து ஓடி இன்னைக்கு ஓடலைன்னா, முதல் கேள்வி "இதை எழுதினவன் யாரு"ன்னு இருக்கக் கூடாது. "நேத்துக்கும் இன்னைக்கும் நடுவுல என்ன மாறிச்சு"ன்னு இருக்கணும். ஃபைல் தேதியைப் பாருங்க. சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியறதையும் பாருங்க.

ரெண்டு. உங்க மெஷின்ல தானா எழுந்து உட்கார்றது என்னென்னன்னு வருஷத்துக்கு ஒரு தடவையாவது பாருங்க. விண்டோஸ்ல டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் பகுதி இருக்கு. லினக்ஸ்ல சிஸ்டம்டி அனலைஸ் பிளேம் போட்டா எது எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு சொல்லும். தேவையில்லாததை நிறுத்துங்க. முதல்ல நிறுத்திப் பாருங்க, அப்புறம் அழிக்கலாம்.

மூணு. யாராவது "ஒரு நாள் டைம் கொடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்"னு கேட்டா, கொடுத்துடுங்க. நாலு பேரை நிக்க வெச்சுக்கிட்டு பிழை கண்டுபிடிக்க யாராலயும் முடியாது.

பெரியப்பா வீட்டுத் தளம் போட்டாச்சு. பெட்டி பரணுக்குப் போகல, மண்டி மேஜைக்குப் பக்கத்துல இருக்கு. தினம் எல்லாம் ஓட்டறதில்ல. யாராவது பழைய விவசாயி வீட்டுப் பசங்க வந்தா, "உங்க தாத்தா எத்தனை மூட்டை போட்டாருன்னு பாக்கறியா?"ன்னு திறந்து காட்டறாரு.

உங்க வீட்டுப் பரண்ல இப்படி ஏதாவது பெட்டி இருந்தா, எடைக்குப் போடறதுக்கு முன்னாடி டிஸ்க்கை மட்டும் நகல் எடுத்துடுங்க. என்ன கிடைச்சுதுன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல டிபிஎஃப் ஃபைல்ல இருக்கிற பழைய டேட்டாவை இன்னைக்கு நாம பயன்படுத்துற டேட்டாபேஸுக்கு எப்படிக் கொண்டு வர்றதுன்னு பாக்கலாம்.